கவிழ்ந்த ஓடமும் கட்டாத கச்சையும்

கடலுக்கு அண்மையில் வாழ்வார் அனைவர்க்கும் கடல் பழக்கமானது என்று உள்நாட்டார் கருதுவது இயல்பு. உண்மை அவ்வாறன்று. புதுச்சேரியினின்றும் விழுப்புரம் செல்லும் பெருஞ்சாலையில் ரெட்டியார்பாளையத்தைக் கடந்தவுடன் எதிர்ப்படுவது மூலக்குளம். அங்கிருந்து மிதிவண்டியேறினால் அரைமணி நேரத்தில் கடற்கரை சேரலாம். ஆயினும் அவ்வூரிளைஞரின் நீர்ப்பழக்கமெல்லாம் குளத்தோடும் கிணற்றோடும் முடிந்துவிடுவது. வில்லியனூர், பாகூர் ஆகிய கொம்யூன்களின் உள்நாட்டூர்களிலும் பெரும்பாலும் இதுவே நிலை. கிணற்றின் கைப்பிடிச் சுவரேறித் தலைகீழாகப் பாய்ந்து பழகிய வாலிபன் ஒருவன், "எனக்கு நீந்தத் தெரியும்" என்று சொல்லுங்கால் பொய் சொல்லவில்லை. ஆனால் அவன் அறிந்தது நிற்கும் நீர்; கை சலித்தால் பற்றுதற்குப் படியுள்ள நீர். அந்த நம்பிக்கையையே முதலாகக் கொண்டு அவன் கடலோடும் வாணிகம் செய்யப் புகுவதுதான் என் கவலை.

இக்கவலைக்கு இப்பொழுது புதியதொரு காரணமும் உண்டாயிருக்கிறது. விடுமுறை நாட்களில் நம் மாணவர் பலர் கயாக் எனப்படும் சிற்றோடத்தை நாடிச் செல்கின்றனர். கயாக் என்பது வடதுருவத்தை அடுத்த கிரீன்லாந்து முதலிய நாடுகளில் வாழும் இனூயித் மக்களின் வேட்டை ஓடம். சட்டத்தின்மேல் கடற்சிங்கத்தையொத்த சீல் என்னும் விலங்கின் தோலைப் போர்த்தி, ஒருவன் இடுப்பளவே நுழையத்தக்க வாய் வைத்து அதனை இயற்றினர். இன்று நம் கரைக்கு வருவன அவ்வடிவின் வழிவந்த நெகிழி ஓடங்கள். அவற்றிலேறிக் கழிமுகத்தின் அமைதியான நீரில் உலாவுதல் இனிய விளையாட்டே. அதனை யான் குறை கூறேன். சுண்ணாம்பாறு, அரியாங்குப்பத்தாறு போன்றவற்றின் முகத்துவாரத்தில் மணல்திட்டின்மேல் அலை உடையுமிடத்தை அவ்வோடம் எட்டும்போதுதான் விளையாட்டு வேறாகிறது. ஓடத்தோடு மிதவைக் கச்சையும் கொடுக்கப்படுவதுண்டு. கடைகளில் லைப் ஜாக்கெட் என விற்கப்படுவதையே ஈண்டு மிதவைக் கச்சை என்கிறேன். அதனைச் சிலர் முதுகுக்கு மெத்தையாக வைக்கின்றனர். சிலர் தோளில் மாட்டி வார்களை இறுக்காது விடுகின்றனர். சிலர் படம் பிடிக்குங்கால் அழகு கெடுகிறதென்று கழற்றி ஓடத்தின் அடியில் எறிகின்றனர். கவிழ்வதற்கு முன் உடம்பில் இறுகக் கட்டப்பட்டிராத கச்சை, கரையிலுள்ள கடையில் தொங்கும் கச்சைக்கு ஒப்பானதே என்பது என் துணிபு. இத்துணிபுக்குரிய காரணங்களை எடுத்துரைக்கவே இதனை எழுதலாயிற்று.

ஓடம் கவிழ்ந்தவுடன் நிகழ்வது யாதெனக் காண்போம். மனிதவுடலின் அடர்த்தி நீரின் அடர்த்தியோடு ஏறத்தாழ ஒத்தது. நெஞ்சு நிறைய மூச்சிருப்பின் மிதப்போம். மூச்சை விட்டால் மெல்ல அமிழ்வோம். மிதத்தலுக்கும் அமிழ்தலுக்கும் இடையே நிற்பது சில கிலோ நிறைதான். அச்சிறு நிறையை அமைதியான குளத்தில் கைகால்கள் எளிதாகச் சுமந்துவிடும். எதிர்பாராது தலைகீழாய் விழுந்தவனோ மூக்கிலும் வாயிலும் நீரேறித் திணறுகிறான். தலையை உயர்த்தி இருமி முடிப்பதற்குள், ஏறத்தாழப் பத்து வினாடியில், அடுத்த அலை அவன்மேல் உடைகிறது. அம்முதல் நிமிடத்தில் நீந்தும் வன்மை பயன்படுவது அரிது. மூச்சு நிலைக்கு வந்த பின்னரே அது பயன்படும். அந்த ஒரு நிமிடத்தை ஈட்டித் தருவதுதான் கச்சையின் முதல் வேலை. நீரில் விழுந்த பின்னர் அணிந்துகொள்வேன் என்பார், குதிக்கும் குதிரையின்மேலிருந்துகொண்டு சேணம் பூட்ட நினைப்பவரே. இரு கைகளும் தலையை மேலே வைத்தற்கே போதாதபோது வாரைக் கொக்கியில் மாட்டுவது யார்?

இதனோடு நீர் நிறைந்த ஓடத்தையும் எண்ணுக. உடையும் அலையில் அது பல நூறு கிலோ நிறையுடைய மரக்கட்டை போலப் புரளும். ஆதலின் அலை உடையுமிடத்தில் கவிழ்ந்தவன் ஓடத்துக்கும் கரைக்கும் நடுவே நில்லாது, ஓடத்தின் கடற்புறத்தே இருத்தல் வேண்டும். ஆழ்கடலிலோ எக்காரணம் பற்றியும் ஓடத்தை விடலாகாது. தேடி வருவோர் கண்ணுக்கு மனிதன் தலையைவிட ஓடம் எளிதில் தென்படும். கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடிக் காலைகளில் ஆளில்லாத ஓடம் நீந்துவானைவிட விரைந்து கிழக்கே ஓடிவிடும் என்பதையும் நம் பக்கத்து மாணவர் நினைவில் வைத்தல் நன்று.

நிற்க. கவிழ்தலும் கவிழ்ந்தாரைக் காத்தலும் சோழமண்டலக் கரைக்குப் புதியன அல்ல. சென்னையில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செயற்கைத் துறைமுகம் கட்டப்படுமுன் கப்பல்கள் கரைக்கு வர இயலாது, தொலைவில் நங்கூரமிட்டு நின்றன. புதுச்சேரியிலும் பெருங்கப்பல்கள் எட்ட நிற்பதே வழக்கமாயிருந்தது. பயணிகளும் சரக்கும் அலைகளைக் கடந்து வந்தது சலங்கு என்னும் படகில். ஆங்கிலர் அதனை மசூலா என்றனர். பிரெஞ்சுக்காரர் நம் சொல்லையே தம் நாவிற்கேற்பத் திரித்து வழங்கினர். ஆணியின்றிக் கயிற்றால் தைக்கப்பட்ட அப்படகு அலையடிக்கு வளைந்து கொடுக்கும். ஆணியறைந்த படகாயின் அவ்வடிக்குப் பிளந்துபோம். அத்தகைய சலங்கும் கவிழ்வதுண்டு. ஆகையால் அலை மிகுந்த நாட்களில் அதன் பக்கத்தே கட்டுமரங்கள் கூடச் செல்லும். நீரில் விழுந்தாரைத் தூக்கியெடுப்பதே அக்கட்டுமரக்காரர் தொழில். உயிர் காத்தோர்க்குப் பதக்கங்கள் வழங்கப்பட்டதைப் பழைய பயணிகள் பலர் எழுதியுள்ளனர். அவர்களே ஓலைக் கூம்புத் தொப்பிக்குள் கடிதங்களை நனையாது வைத்துக் கப்பலுக்கும் கரைக்கும் கொண்டு திரிந்தோருமாவர். 1697இல் தம் உலகப் பயண நூலை வெளியிட்ட வில்லியம் டாம்பியர் இக்கட்டுமரத்தைக் குறித்தெழுதியுள்ளார். அச்சொல்லே பின்னர் ஆங்கிலத்தில் வேறு பொருள் பெற்று, இரட்டையுடல் கொண்ட படகுகளுக்குப் பெயராயிற்று.

கட்டுமரத்தை ஏழையின் பழம்படகென்று இகழ்வார் அதன் நுட்பத்தை எண்ணிப் பார்த்திலர். இலேசான மரத்துண்டுகள் கயிற்றால் பிணைக்கப்பட்டுள்ளன. உள்ளே நீர் தேங்குதற்கு உள்ளிடமே இல்லை. மேலேறிய அலை இடுக்குகளின் வழியே இறங்கிவிடும். மூழ்குதல் அதற்கு இயலாத செயல். ஆள் விழுந்தாலும், தாழ்ந்த விளிம்பாகையால் எப்பக்கத்திலிருந்தும் மேலேறலாம். கயாக்குகளில் ஒருவகை, மேலே அமர்ந்து செலுத்துவது. நீர் வடிதற்கு அதன் உடலில் துளைகளிட்டிருப்பர். அதனைக் காணும்போதெல்லாம் நம் கட்டுமரமே பல நாடு சுற்றி நிறம் பூசிக்கொண்டு திரும்பியதோ என்று எனக்குத் தோன்றும். கட்டுமரம் ஏறியவனுக்குத் தனியே கச்சை வேண்டாதிருந்தது, அவன் ஏறியிருந்ததே கச்சையாக அமைந்தமையால்.

இன்றைய நிலை வேறு. கண்ணாடியிழையாலான படகுகளும் அவற்றைச் செலுத்தும் எந்திரங்களும், குறிப்பாக 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின், நம் கரையெங்கும் பெருகின. வீராம்பட்டினத்திலும் நல்லவாட்டிலும் பனித்திட்டிலும் நரம்பையிலும் கரையில் வரிசையாக நிற்பன பெரும்பாலும் அவையே. மீனவர் அவற்றைப் பைபர் என்பர். தொலைவு செல்லவும் விரைவிற் திரும்பவும் அவை உதவுகின்றன. அந்நன்மையை மறுப்பது நன்றியின்மை. ஆனால் பைபர் கவிழ்ந்தால் அதன் வழவழப்பான அடிப்புறத்தில் பற்றுதற்கு ஒன்றுமில்லை. எந்திரத்தின் நிறை பின்புறத்தைக் கீழே இழுக்கிறது. வலை காலைச் சுற்றுகிறது. கட்டுமரத்தைக் கைவிட்ட நாளில் அதனோடு போன காப்பு எது, அதற்கு ஈடாக வைக்கவேண்டுவது எது என்று படகு கொடுத்தாரும் கேட்டிலர், வாங்கினாரும் கேட்டிலர். படகின் வெளிப்புறத்தே சுற்றிலும் ஒரு கைப்பிடிக் கயிறு கட்டுவதற்கு எவ்வளவு பொருள் செலவாகும்?

மீனவர் கச்சை அணியாமைக்கு அவர்தம் அறியாமையே காரணம் என்று மேடைகளில் பேசப்படுவதைக் கேட்டிருக்கிறேன். அப்பேச்சு எனக்கு உடன்பாடன்று. அறியாமை உள்ளது, கச்சையை வடிவமைத்தாரிடத்து. தடித்த நுரைப்பலகையாலான செந்நிறச் சட்டையைச் சித்திரை வெயிலில் ஆறு மணிநேரம் போட்டுக்கொண்டு வலையிழுத்துப் பார்த்தால் அஃது எத்தகைய துன்பம் என்பது விளங்கும். கை மடங்காது, வியர்வை வற்றாது, கொக்கி வலைக்கண்ணியில் மாட்டும். வலையோடு சேர்ந்து தானும் கடலுள் இழுக்கப்படுவோமோ என்ற அச்சம் அவர்க்குண்டு, அவ்வச்சம் பொய்யன்று. ஆகவே இலவசமாகக் கிடைத்த கச்சையும் பரணேறிக் கிடக்கிறது. தொழிலாளியின் உடலசைவைப் பார்த்துத் தைக்காத சட்டையை அவன் உடுக்கவில்லையென்று குறைகூறுதல் தையற்காரனுக்கு அழகன்று. கழுத்தைச் சுற்றிய துண்டுபோல் மெலிந்திருந்து, கயிற்றை இழுத்தவுடன் சிமிழிலடைத்த வாயுவால் ஊதும் கச்சைகள் இப்பொழுது உண்டு. அவை ஆழ்கடல் தொழிலுக்கு ஏற்றவை. ஆனால் விலை மிகுதி. ஒருமுறை ஊதியபின் சிமிழை மாற்றவும் வேண்டும். நீர் பட்டவுடன் தானே ஊதும் வகை, அலைத்துளியில் ஓயாது நனையும் சிற்றோடக்காரர்க்கு உதவாது. கயாக்கில் செல்வார்க்கு நுரைக் கச்சையே தக்கது.

கச்சையின் பழைய வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி சொல்லத்தக்கது. இங்கிலாந்தில் உயிர்காப்புப் படகுச் சங்கத்தைச் சேர்ந்த ஜான் வார்ட் என்னும் கடற்படை அதிகாரி 1854இல் தக்கைத் துண்டுகளைத் துணியில் தைத்து ஒரு கச்சை அமைத்தார். அது பருத்திருப்பதாகவும் துடுப்பு வலித்தற்கு இடையூறென்றும் அந்நாட்டுப் படகோட்டிகளும் முணுமுணுத்தனர். 1861 பிப்ரவரி 9ஆம் நாள் விட்பி என்னும் ஊரில் புயலடித்தது. உயிர்காப்புப் படகு ஒரே நாளில் பலமுறை சென்று கப்பல்களிலிருந்தோரை மீட்டது. இறுதியாகச் சென்றபோது கவிழ்ந்தது. அதிலிருந்த பதின்மூவருள் பன்னிருவர் கரையிலிருந்தோர் கண்ணெதிரே மாண்டனர். எஞ்சியவர் ஹென்றி பிரீமன் ஒருவர். புதுவகைத் தக்கைக் கச்சையை அன்று அணிந்திருந்தவரும் அவர் ஒருவரே.

தக்கைக்குப் பின் அச்சங்கம் 1904இல் கையாளத் தொடங்கிய பொருள் எதுவெனின், நாம் தலையணையில் அடைத்துத் தலைக்கு வைத்துறங்கும் இலவம் பஞ்சேயாம். இலவம்பஞ்சின் ஒவ்வோர் இழையும் உள்ளே வெறுமையான நுண்குழல். மேலே மெழுகுப் பூச்சுடையது. ஆகவே நீர் எளிதில் உட்புகுவதில்லை. தன் நிறையைப்போல் இருபது முப்பது மடங்கு நிறையை நீரில் தாங்கவல்லது. இலவங்காய் வெடித்துப் பஞ்சு பறப்பதை நம்மூர்த் தோப்புகளில் பார்த்து வளர்ந்தும், அதனால் உயிர் காக்கலாமென்னும் எண்ணம் நமக்குத் தோன்றாது போயிற்று. மெத்தைதான் தோன்றிற்று.

இக்காலத்துக் கச்சைகளின் ஆற்றலை நியூட்டன் அளவால் குறிப்பர். பத்து நியூட்டன் என்பது ஏறத்தாழ ஒரு கிலோ நிறையைத் தாங்குவது. 50 நியூட்டன் கச்சை, நீந்த வல்லவனாய் உதவி அண்மையிலிருப்பவனுக்கு. கயாக் செலுத்துவோர் பெரும்பாலும் அணிவது இதுவே. 100 நியூட்டன் அமைதியான நீர்நிலைகளுக்கு. ஆழ்கடலுக்கு 150, நினைவிழந்து குப்புறக் கிடப்பானையும் முகம் மேலாகத் திருப்பும் நோக்கத்துடன் அமைக்கப்பட்டது அது. எவ்வளவு ஆற்றலுடையதாயினும் அளவு பொருந்தாவிடின் பயனில்லை. கச்சை மேலே எழும்; ஆள் கீழே நழுவுவான்; முகம் கச்சைக்குள் புதையும். குழந்தைகள் கச்சையில் கவட்டுவார் வைத்திருப்பது இதன்பொருட்டே. தோட்பட்டைகளைப் பற்றிப் பிறரொருவர் மேலே தூக்கும்போது கச்சை காதளவு உயருமாயின் அஃது அவனுக்கு உரியதன்று. கச்சையில் ஒரு விசில் தொங்குதல் வேண்டும். களைத்தவன் குரல் அலையோசையைத் தாண்டாது, விசில் தாண்டும். கடலுக்குள் நெடுந்தொலைவு செல்வோர் நீரிறைக்கும் கைப்பம்பு, மீண்டும் ஏறுதற்குத் துடுப்பின் நுனியில் மாட்டும் மிதவை, இழுவைக் கயிறு, கயிறறுக்கும் சிறுகத்தி ஆகியவற்றையும் வைத்திருப்பர். அவற்றைப் பற்றி விரிக்கின் பெருகும். பழகாத கருவி பையிலிருந்தும் இல்லாததே என்ற அளவில் விடுகிறேன்.

கடலை விட்டு ஏரிக்கும் ஆற்றுக்கும் வந்தால் ஆபத்து குறைவென்பாரும் உளர். 2007 பிப்ரவரி 20இல் கேரளத்துத் தட்டேக்காட்டில், பெரியாற்றில், பள்ளிச் சுற்றுலாப் படகு மூழ்கி மாணவர் பதினைவரும் ஆசிரியர் மூவரும் இறந்தனர். 2011 கிறிஸ்துமஸ் நாளன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர், கச்சை அணிந்தாரில்லை. 2024 ஜனவரி 18இல் வடோதரா நகரத்து ஹர்ணி ஏரியில் மாணவர் பன்னிருவரும் ஆசிரியர் இருவரும் மூழ்கினர். அப்படகிலிருந்த குழந்தைகள் பலர்க்குக் கச்சையில்லை. தட்டேக்காடும் ஹர்ணியும் அலையுடைக்கும் கடலல்ல. சுற்றுலாவுக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியரும் செல்லும் மாணவரும் இம்மூன்றையும் ஒருமுறை நினைத்துவிட்டுப் படகில் கால்வைத்தல் நலம்.

2017 நவம்பர் 30இல் வீசிய ஒக்கிப் புயலையும் இங்கே கூறாது விடுதல் இயலாது. குமரி மாவட்டத்துத் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய ஊர்களிலும் கேரளக் கரையிலும் இறந்தோரும் திரும்பாதோருமாக இருநூற்றுவர்க்கு மேற்பட்டோரை நாம் இழந்தோம். எச்சரிக்கை எட்டுமுன் பலர் நெடுங்கடலில் இருந்தனர். அதன்பின் விண்வெளி ஆய்வு நிறுவனம் வகுத்த கருவிகள் படகுகளில் பொருத்தப்பட்டு வருகின்றன. ஆபத்தில் பொத்தானை அழுத்தினால் படகு இருக்குமிடம் விண்கோள் வழியே கரைக்குத் தெரியும். கடலோரக் காவற்படையை 1554 என்னும் தொலைபேசி எண்ணால் அழைக்கலாம். இவை போற்றத்தக்க முன்னேற்றங்கள். ஆயினும் செய்தி கிடைத்துக் கப்பல் புறப்பட்டுச் சேர்வதற்குப் பல மணிநேரம் ஆகும். அத்தனை நேரமும் அம்மனிதன் நீரின்மேல் இருந்தாக வேண்டும். விண்கோள் அவனைத் தாங்கிக்கொண்டிராது. அரசினர் செய்திக்கருவிக்குச் செலவிடும் கருத்தில் ஒரு பங்கை, மீனவர் உடுக்க இசையும் கச்சையொன்றை அவர்களையே உடன்வைத்துக்கொண்டு வடிப்பதற்கும் செலவிடுதல் வேண்டும் என்பது என் விண்ணப்பம்.

நம் கல்லூரியைப் பொறுத்தமட்டில் கேட்பது சிறிது. நீர்நிலைக்குச் செல்லும் எந்தச் சுற்றுலாவிலும், கச்சையின் வாரை ஆசிரியர் தம் கையால் இழுத்துப் பார்த்த பின்னரே மாணவர் ஓடத்திலேறலாம் என்று விதி செய்க. மறுப்பவர் கரையில் அமர்ந்து சுண்டல் தின்னட்டும். அதில் அவமானம் ஒன்றுமில்லை. கச்சை அணிந்தவனைக் கோழையென்று பரிகசிக்கும் வழக்கத்தை மூத்த மாணவர்தாம் ஒழித்தல் கூடும்; ஆசிரியர் சொல்லால் அஃது ஒழியாது. பௌதிக வகுப்பினர்க்கும் ஒரு வேலை உண்டு. நுரை நாட்படின் நசுங்கித் தாங்குந்திறன் இழக்கும்; மேலே துணி புதிதுபோல் தோன்றும். ஆகையால் ஆண்டுக்கொருமுறை கல்லூரியிலுள்ள கச்சைகளையெல்லாம் கொணர்ந்து, 50 நியூட்டன் என்று குறித்த ஒவ்வொன்றிலும் ஐந்தரைக் கிலோ இரும்பு நிறையைக் கட்டி, நீர்த்தொட்டியில் ஓரிரவு விட்டுவைக்க. இரும்பு நீருள் தன் நிறையில் ஏறத்தாழ எட்டிலொரு பங்கை இழக்கும் என்பதைக் கணக்கிட்டே இவ்வளவு சொன்னேன். விடிந்தபின் மிதப்பவற்றைத் துடைத்து உலர்த்தி வைக்கலாம். தொட்டியின் அடியில் கிடப்பவற்றின் வார்களை அன்றே அறுத்துவிடுதல் வேண்டும்; இல்லையேல் அடுத்த சுற்றுலாவில் அவற்றை யாரேனும் எடுத்து அணிந்துவிடுவர்.